பல் ஏன் நிறம் மாறுகிறது: கறை மேலேயா, உள்ளேயா?

கல்யாணத் தேதி குறித்த பிறகுதான் நம் வீடுகளில் பல்லின் நிறம் பேச்சுக்கு வருகிறது. பர்மாவில் ரங்கூனிலும் பெகுவிலும் மோல்மேனிலும் இதே கதைதான். போட்டோவில் சிரிக்க வேண்டும், பல் பழுப்பாகத் தெரிகிறது, பத்து நாளில் வெளுக்க ஏதாவது வழி உண்டா என்று பெண்ணோ மாப்பிள்ளையோ கேட்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டுத் தேய்க்கச் சொல்வார். இன்னொருவர் பேஸ்புக்கில் பார்த்த ஏதோ ஒரு திரவத்தை வாங்கி வரச் சொல்வார். கறை எதனால் வந்தது, பல்லில் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் செய்யும் வைத்தியம் காசுக்கும் கேடு, பல்லுக்கும் கேடு.

பல்லுக்கு வெளியே எனாமல், அதற்குள்ளே டென்டின், நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் பல்கூழ். எனாமல் கிட்டத்தட்டக் கண்ணாடித் தன்மை கொண்டது; வெளிச்சம் அதன் வழியே உள்ளே போய்த் திரும்பும். நாம் பல்லின் நிறம் என்று பார்ப்பதில் பெரும் பங்கு உள்ளே இருக்கும் டென்டினின் நிறம், அது இயல்பிலேயே இளமஞ்சள். எனவே காகிதம் போன்ற வெள்ளைப் பல் மனிதனுக்கு இயற்கையில் கிடையாது. விளம்பரத்தில் பார்க்கும் வெள்ளையைப் பலரும் ஆரோக்கியத்தின் அடையாளமாக நினைத்துக்கொண்டு, நல்ல பல்லைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலியும், டென்டின் உள்பக்கமாகத் தடித்து நிறமும் கூடும். அறுபது வயதுக்காரர் பல் இருபது வயதுக்காரர் பல்லைவிட மஞ்சளாக இருப்பதற்கு இது போதும். அதில் நோய் எதுவும் இல்லை.

இதைத் தாண்டி வரும் நிறமாற்றம் இரண்டு வகை. எனாமலுக்கு மேலே படியும் கறை ஒன்று. எனாமலுக்குள்ளோ டென்டினுக்குள்ளோ ஊறிப்போன நிறம் இன்னொன்று. முதலாவதைச் சுரண்டியும் மெருகேற்றியும் எடுத்துவிடலாம். இரண்டாவதை எத்தனை தேய்த்தாலும் எடுக்க முடியாது. பர்மாவில் நாம் அதிகம் பார்ப்பது முதல் வகை. அதற்குப் பெரிய காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: வெற்றிலை. இங்கே நாமும் சொல்வது குன்யா.

குன்யாக் கடையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தண்ணீர் தெளித்த வெற்றிலைகள் பலகையில் வரிசையாக விரிந்திருக்கும். கடைக்காரர் குச்சியால் நனைந்த சுண்ணாம்பைத் தொட்டு இலை முழுவதும் ஒரே இழுப்பில் தடவுவார். அதன்மேல் நறுக்கின பாக்கு, ஒரு கிள்ளுப் புகையிலை, காசுக்கட்டி, கேட்டால் ஏலம், கிராம்பு. மடித்துச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். பஸ் டிரைவரும் மார்க்கெட் சுமைக்காரரும் ஒரு பையை முடித்து அடுத்த பையைப் பிரிப்பார்கள். 2014-ல் நாடு முழுவதும் எடுத்த ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, இங்கே ஆண்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மெல்லும் வகைப் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அந்தப் புகையிலை பெரும்பாலும் வாய்க்குள் போவது குன்யா வழியாகத்தான். தவுங்கூ ஊர் கமுகுக்குப் பேர்போனது. எதிர்பாராத அதிர்ஷ்டம் அடித்தவரைப் பார்த்து, பாக்குப் பிரியனுக்குத் தவுங்கூ போக வாய்த்ததுபோல என்று பர்மியர் சொல்வார்கள்.

இதில் பல்லுக்கு நிறம் ஏற்றுவது வெற்றிலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இலைக்கு அதில் பங்கு குறைவு. கொட்டைப்பாக்கிலும் காசுக்கட்டியிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் அதைச் சேர்ந்த பல வேதிப்பொருள்களும் நிறைய உண்டு. சுண்ணாம்பு சேர்ந்ததும் வாயில் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை ஏறுகிறது. அந்தக் காரத்தில் இந்தத் துவர்ப்புப் பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பாக மாறுகின்றன. வாய் சிவப்பது அதனால்தான். அந்தச் சிவப்பு பல்மேல் படிந்து நாள் ஆக ஆகப் பழுப்பாகும், அப்புறம் கறுப்பாகும்.

காசுக்கட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு வகைக் கருங்காலி மரத்தின் வயிரத்தை வேகவைத்துச் சுண்டக் காய்ச்சி எடுப்பது. ஆங்கிலேயர் காலத்தில் பர்மாக் காடுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. உலகச் சந்தையில் அதற்குப் பெகுவின் பெயரே வழங்கியது. மெல்லுவதற்காக மட்டும் அது அத்தனை தூரம் போகவில்லை. மீன் வலைக்கும் பாய்மரத் துணிக்கும் பருத்திக்கும் பழுப்பு ஏற்ற அது சாயமாகப் போனது. உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் கிடக்கிற வலையில் நின்ற சாயம் அது. அதையே சுண்ணாம்போடு சேர்த்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாயில் ஊறவைத்தால், பல் துலக்குகிற பிரஷுக்கு அசையாது என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அதோடு பல் எப்போதும் வெறுமையாக இருப்பதில்லை. நன்றாகத் துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதம் ஒரு மெல்லிய படலமாக எனாமலைப் போர்த்திக்கொள்ளும். அமிலத்திலிருந்து பல்லைக் காப்பது அந்தப் படலம்தான், ஆனால் டானினும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் பாக்டீரியாப் படிவு, எச்சிலிலுள்ள கால்சியத்தால் அது இறுகி உண்டாகும் காரை. காரை சொரசொரப்பானது, அதனால் கறை இன்னும் ஆழமாக இறங்கும். நீண்ட நாள் வெற்றிலை போடுகிறவர் பல்லின் உள்பக்கத்தில் கறுப்பாக ஒரு ஓடு போலக் கட்டியிருப்பது இந்தக் காரையும் கறையும் சேர்ந்தது. பாக்கை ஓயாமல் மெல்வதால் கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகி, மஞ்சள் டென்டினே வெளியே தெரியத் தொடங்கும். அந்த மஞ்சளைக் கறை என்று நினைத்துத் தேய்க்கிறவர்கள், மிச்சமிருக்கும் எனாமலையும் தேய்த்துக்கொள்கிறார்கள்.

கறுத்த பல்லை அவமானமாகப் பார்க்கும் பார்வை எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷான் மாநிலத்தில் கெங்டுங் பக்கத்து மலைகளில் வாழும் ஆன் இனத்தார் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வதை அழகென்றே கொண்டிருந்தார்கள். நம் பாட்டிமார்களுக்கும் சிவந்த வாய் மங்கலம்தான். நிச்சயதாம்பூலத் தட்டில் இன்றும் வெற்றிலை பாக்கு இல்லாமல் எதுவும் நடக்காது. எனவே வெற்றிலை போடும் மாமாவையோ சித்தியையோ கறையைச் சொல்லிக் கேலி செய்வது வேண்டாத வேலை. அவர்கள் வாயில் கவலைப்பட வேண்டியது நிறம் இல்லை, வேறொன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது டீ. பர்மா டீக்கடையில் மேசைக்கு மேசை பிளாஸ்கில் வெறும் பச்சைத் தேநீர் இருக்கும், அதற்குக் காசு கிடையாது. கூடவே லபெயே என்ற, கெட்டிப்பால் ஊற்றிய டீ. இரண்டில் எது அதிகம் கறை பிடிக்கும் என்று கேட்டால் பலரும் லபெயே என்பார்கள். உண்மையில் தேநீரில் பால் சேர்ந்தால் கறை பிடிப்பது குறைகிறது. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால் பல்லில் ஒட்ட மிஞ்சுவது குறைவு. ஆனால் கெட்டிப்பாலின் சர்க்கரை சொத்தைக்கு வழி திறக்கும். சொத்தையும் நிறம்தான்: முதலில் சுண்ணாம்பு நிறத்தில் ஒளியிழந்த ஒரு வெள்ளைத் திட்டு, அப்புறம் பழுப்பு, அப்புறம் குழி. வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே பார்த்தால் புளோரைடு பூச்சாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் அதை நிறுத்திவிட முடியும்.

சுருட்டும் சிகரெட்டும் தாரால் பழுப்பாக்கும். இரும்புச் சத்து சிரப் குழந்தையின் பல்லைக் கறுப்பாக்கும். உறிஞ்சு குழாயில் கொடுத்துப் பின்னால் தண்ணீர் குடிக்க வைத்தால் குறையும், கறையையும் எளிதாக எடுத்துவிடலாம். ஈறு நோய்க்கு எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்புளிப்பு மருந்தை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், டீ குடிப்பவர் பல்லில் பழுப்புக் கறை வரும். மருந்துக்குப் பயந்து நிறுத்த வேண்டாம், சொன்ன நாளோடு நிறுத்தினால் போதும். சில குழந்தைகளுக்கு ஈறை ஒட்டிக் கோடு போட்டதுபோல ஒரு கறுப்பு வரும். பெற்றோர் பதறுவார்கள். அது ஒருவகைப் பாக்டீரியாவின் வேலை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சொத்தை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

இனி உள்ளே ஊறும் நிறத்துக்கு வருவோம். இங்கே காரணங்கள் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் நடந்து முடிந்தவை. பல் முளைக்கும்போதே அந்த நிறத்தோடு வரும், அல்லது வந்தபின் சில ஆண்டுகளில் வெளிப்படும்.

முதலாவது டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் குடும்பம். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 1948-ல் வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே குழந்தைகளின் பல்லை அது நிறம் மாற்றுவது தெரிந்துவிட்டது. மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. தாடைக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போது உடம்பில் இருந்தால், பல்லோடு பல்லாகக் கலந்துவிடும். முளைக்கும்போது மஞ்சளாக இருக்கும், வெயில் படப் படச் சாம்பலும் பழுப்புமாக மாறும், குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும். பட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்து எந்த வயதில் மருந்து சாப்பிட்டார் என்றுகூட மருத்துவர் மதிப்பிடுவார். அதனால்தான் கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்தும், குழந்தைக்கு எட்டு வயது ஆகும் வரையிலும் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இதே குடும்பத்தில் டாக்சிசைக்ளின் கால்சியத்தோடு அவ்வளவாகச் சேர்வதில்லை. உயிர் காக்கத் தேவைப்பட்டால் குறுகிய காலத்துக்குக் குழந்தைக்கும் மருத்துவர் தருவார். அதை மறுக்கக் கூடாது.

நம் ஊரில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காய்ச்சல் என்று போய்ச் சொன்னால், மருந்துக்கடையில் நாலைந்து மாத்திரைகளைக் கலந்து ஒரு சின்னப் பையில் போட்டுத் தந்துவிடுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கைக்குழந்தைக்கும் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கும் அப்படிப் பெயர் தெரியாத மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பையில் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இரண்டாவது புளோரைடு. அளவோடு இருந்தால் சொத்தையைத் தடுக்கும் அதே பொருள், பல் உருவாகும் வயதில் அளவு மீறி உடம்பில் சேர்ந்தால் எனாமலை நுண்துளைகளோடு உருவாக்கிவிடும். லேசாக இருந்தால் வெள்ளைக் கீற்றுகள், கடுமையாக இருந்தால் பழுப்புத் திட்டும் குழியும். இதன் கதை அமெரிக்காவின் கொலராடோவில் 1901-ல் தொடங்குகிறது. அங்கே தொழில் செய்ய வந்த பிரெடரிக் மக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பலரின் பல் பழுப்பாக இருப்பதைப் பார்த்தார். முப்பது ஆண்டு தேடினார். 1931-ல்தான் குடிதண்ணீரிலுள்ள புளோரைடு என்று உறுதியானது. சென்னை மாகாணத்தில் நெல்லூர் பக்கம் இந்த நோய் இருப்பதை 1937-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் சொந்தபந்தம் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே இன்றும் கிணற்றுக் கிணறு இந்தப் பிரச்சினை உண்டு.

பர்மாவில் ஐராவதிப் பள்ளத்தாக்கின் நடுவே மழை குறைந்த பகுதியில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர்களில் கவனம் வேண்டும். மியிங்ஞான் வட்டாரத்தில் சோதித்த கிணறுகளில் புளோரைடும் ஆர்செனிக்கும் வரம்பு மீறி இருப்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. புளோரைடுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இங்கே ஒரு தவறான நம்பிக்கை உண்டு: தண்ணீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்று. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். புளோரைடு அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். மழைத் தண்ணீரைச் சேர்த்துக் குழந்தைக்குக் கொடுப்பது எளிய வழி. ஆர்.ஓ. வடிகட்டியும் இதை நீக்கும். முன்பற்களுக்கு முதல் மூன்று ஆண்டுதான் முக்கியம், எனவே கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பற்பசையையும் குழந்தை விழுங்கும்: மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும்.

மூன்றாவது, ஒரே ஒரு பல் மட்டும் கறுப்பது. எல்லாப் பல்லும் நன்றாக இருக்க, முன்னால் ஒன்று மட்டும் சாம்பலாக இருந்தால் அது எப்போதோ அடிபட்ட பல் என்று வைத்துக்கொள்ளலாம். சைக்கிளில் விழுந்திருப்பார், பந்து பட்டிருக்கும், அவருக்கே மறந்திருக்கும். அடிபட்டதும் பல்கூழுக்குள் ரத்தம் கசிகிறது. அது டென்டினின் நுண்குழாய்களுக்குள் புகுந்து சிதையும்போது நிறம் இறங்குகிறது. நரம்பு செத்திருந்தால் வலியே இருக்காது. வலி இல்லையே என்று விட்டுவிடுவார்கள், வேர் நுனியில் சீழ் மெதுவாகக் கட்டிக்கொண்டிருக்கும். இப்படிக் கறுத்த பல்லுக்கு முதல் வேலை எக்ஸ்ரே. வெளுப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். குழந்தையின் பால்பல் அடிபட்டுக் கறுத்தால் சில சமயம் அதுவாகவே பழைய நிறத்துக்குத் திரும்பும். அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பார்த்திருக்கலாம்.

இவை போகப் பிறந்த குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்திருந்தால் பால்பல் பச்சையாக முளைப்பதும், பரம்பரையாக எனாமலோ டென்டினோ சரியாக உருவாகாமல் போவதும், பழைய வெள்ளி அடைப்பு பல்லுக்குள் நீலச்சாம்பலாகத் தெரிவதும் உண்டு. அரிதானவை, ஆனால் பார்த்த மாத்திரத்தில் வெற்றிலைக் கறை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

இப்போது வீட்டு வைத்தியம். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை பி.எச். கணக்கில் சொன்னால் இரண்டு, இரண்டரை; இந்தக் கணக்கில் எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். எனாமல் கரையத் தொடங்குவது ஐந்தரைக்குக் கீழே. எலுமிச்சை தேய்த்ததும் பல் பளிச்சென்று தெரிவது உண்மை, ஏனென்றால் மேல் அடுக்கு கரைந்து கறையோடு போய்விட்டது. அமிலத்தால் இளகியிருக்கும் அந்த நேரத்தில் உப்பைப் போட்டுத் தேய்ப்பது இன்னும் மோசம். எனாமல் திரும்ப வளராது. முன்பல்லில் அதன் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், ஈறை நெருங்க நெருங்க இன்னும் மெல்லியது. சில மாதத்தில் பல் கூசும், டென்டின் தெரிந்து முன்னைவிட மஞ்சளாகும். சொரசொரப்பான பரப்பில் கறையும் வேகமாகப் பிடிக்கும். உமிக்கரியும் செங்கல் பொடியும் சாம்பலும் இதே கெடுதலை மெதுவாகச் செய்பவை. இப்போது கறுப்புப் பற்பசை என்று அழகான டியூபில் வரும் கரியும் அந்தக் குடும்பம்தான். வேப்பங்குச்சியை நன்றாக மென்று தும்பாக்கி மெதுவாகத் துலக்கினால் படிவு போகும், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஊறின நிறத்தை அது மாற்றாது.

முறையான சிகிச்சையில் முதல் படி எப்போதும் சுத்தம் செய்வதுதான். அல்ட்ராசானிக் ஸ்கேலர் என்ற கருவியின் முனை நொடிக்கு இருபத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் அதிரும், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே காரையை உடைக்கும். ரங்கூனில் மின்சாரம் நினைத்தால் போகிறது என்பதால், இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருக்கும் கிளினிக்கா என்று கேட்டுப் போவது நல்லது. கைக்கருவியாலும் செய்யலாம், நேரம் அதிகமாகும். அதன்பின் பசை போட்டு மெருகேற்றுவார்கள். வெற்றிலைக் கறை தடித்திருந்தால் இரண்டு மூன்று அமர்வு ஆகும். பல ஆண்டுக் கறுப்பு அப்படியே பெயர்ந்து, இளமஞ்சளாகப் பல் வெளிப்படும்போது, மருந்தால் வெளுக்கும் பிளீச்சிங் தேவையில்லை என்று பலரும் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்திக்கொள்ளவும் வேண்டும்.

"கிளீன் பண்ணா பல்லு ஆடிடும்" என்ற பயம் நம்மிடையே பெரியது. காரைதான் ஈறையும் எலும்பையும் கரைத்தது. கரைந்தபின் ஆடும் பல்லைத் தற்காலிகமாகத் தாங்கிக்கொண்டிருந்ததும் அதே காரை. எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது. எடுக்காமல் விட்டால் பல் விழும் அபாயம் கூடிக்கொண்டே போகும். எடுத்தால் ஈறு இறுகிப் பல் நிற்க வாய்ப்பு உண்டு.

நான் முன்பு தள்ளிவைத்த விஷயம் இங்கே வருகிறது. வெற்றிலை போடுகிறவர் பல் சுத்தம் செய்யப் போகும் நாள், வாயை முழுதாகப் பார்க்கக் கிடைத்த நாள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985-லேயே சொல்லிவிட்டது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் கொட்டைப்பாக்கையும் 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் அதே வகையில் சேர்த்தது. "நான் புகையில இல்லாமத்தானே போடுறேன்" என்பவருக்கும் இது பொருந்தும். கன்னத்தின் உள்பக்கத்தில், நாக்கின் ஓரத்தில், பாக்கை ஒதுக்கி வைக்கும் இடத்தில் வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, பட்டுப்போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரம் பட்டாலே எரிச்சல் இவை இருக்கிறதா என்று பாருங்கள். தம் மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடியாதபடி வாய் இறுகி வருவது பாக்கினால் வரும் ஒரு நார்த்திசு நோய்; அது புற்றுநோய்க்கு முன்னோடியாகலாம். பல் வெளுக்கும் ஆசையில் ஒருவர் கிளினிக்குக்குப் போய், அதனால் இந்தத் திட்டு சீக்கிரம் கண்ணில் பட்டால், அந்த ஆசையை நான் வாழ்த்துவேன். மருத்துவர் தாமாகப் பார்க்காவிட்டால், "கன்னத்துக்குள்ளயும் நாக்குக்குக் கீழயும் கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சுத்தம் செய்தபின்னும் மஞ்சள் போகவில்லை என்றால் பிளீச்சிங். ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலைக் கடந்து உள்ளே போய், நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. எதையும் சுரண்டுவதில்லை. வீட்டில் செய்யும் முறையில் உங்கள் பல்லுக்கு அச்செடுத்து மெல்லிய உறை செய்து, அதில் 10 சதவீதம் கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து இரவில் போட்டுக்கொள்ள வேண்டும். பல்லின் மேல் வேலை செய்யும் ஹைட்ரஜன் பெராக்சைடு அதில் மூன்றரை சதவீத அளவுதான். இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். 1989-ல் இந்த முறை பல் மருத்துவ ஏடுகளில் அறிமுகமானது, இன்றுவரை நம்பகமானது. கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்வதற்கு 25 முதல் 40 சதவீதம் வரை செறிவு. ஈறில் பட்டால் வெந்துவிடும் என்பதால் ஈறை மறைத்துத்தான் செய்வார்கள். இதே வீரியத்தில் லேபிள் இல்லாமல் சந்தையில் விற்பதை வாங்கி வாயில் வைப்பது தற்கொலைக்குச் சமமான துணிச்சல் இல்லை என்றாலும், ஈறைப் பொசுக்கிக்கொள்ளும் துணிச்சல்.

பிளீச்சிங்கின்போது பல் கூசும், சில நாளில் தணியும். முதல் இரண்டு நாள் டீ, குன்யா, மஞ்சள் போட்ட குழம்பு எதுவும் கூடாது. மஞ்சள் சாயல் நன்றாகக் கேட்கும். சாம்பல் சாயல் பிடிவாதம் செய்யும். டெட்ராசைக்ளின் பட்டைக்கு வீட்டு முறையில் மூன்று முதல் ஆறு மாதம் பொறுமை வேண்டும், அதிலும் கரும்பட்டை முழுதாகப் போகாது. சொத்தையோ விரிசலோ இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தள்ளிப்போடலாம். பல்லிலுள்ள அடைப்பும், பல்லின்மேல் மாட்டிய கேப் என்ற செயற்கை உறையும் வெளுக்காது. அவற்றை மாற்றுவதென்றால் பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் கழித்து மாற்ற வேண்டும், அதற்கு முன் ஒட்டினால் பிடிப்பு குறையும். வெற்றிலையை விடாதவர் பிளீச்சிங்குக்குக் காசு செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்துகொள்வது அவருக்கு மேல்.

அடிபட்டுச் செத்த பல்லுக்கு வழி வேறு. வேர் சிகிச்சை முடித்து, பல்லின் உள்ளறையில் சோடியம் பெர்போரேட் கலவையை வைத்து மூடி அனுப்புவார்கள். வாரம் ஒரு முறை மாற்ற, மூன்று நான்கு தடவையில் சாம்பல் நிறம் பெரும்பாலும் கலைந்துவிடும். ஒரு பல்லுக்காகக் கேப் போட எல்லாப் பக்கமும் அராவுவதைவிட இது எவ்வளவோ மேல். புளோரைடுத் திட்டு மேலோட்டமாக இருந்தால், அமிலமும் நுண்பொடியும் சேர்ந்த பசையால் எனாமலில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு மட்டும் மருத்துவர் தேய்த்து எடுப்பார். வெள்ளைத் திட்டுகளுக்கு நீர்போல் மெல்லிய ரெசினை எனாமலின் துளைகளுக்குள் ஊறவைக்கும் முறையும் வந்திருக்கிறது. துளை நிரம்பியதும் வெளிச்சம் சிதறுவது நின்று திட்டு மங்கிவிடும். ரங்கூன், மாண்டலே பல் மருத்துவப் பல்கலைக்கழகங்களில் படித்து வெளிவரும் இளம் மருத்துவர்களிடம் இவற்றைப் பற்றிக் கேட்கலாம்.

எதற்கும் மசியாத கரும்பட்டைக்கும் குழி விழுந்த பல்லுக்கும் கடைசியாக வெனீர். பல்லின் முன்பக்கத்தை அரை மில்லிமீட்டர் அளவுக்கு அராவி, பீங்கான் தகடு ஒட்டுவது. கலவைப் பூச்சில் செய்தால் மலிவு, ஆனால் டீக்கும் வெற்றிலைக்கும் அதுவே கறை பிடிக்கும். பீங்கான் பத்துப் பதினைந்து ஆண்டு நிற்கும், அப்புறம் மாற்ற வேண்டும். இருபத்தைந்து வயதில் ஆரம்பித்தால் வாழ்நாளில் மூன்று நான்கு தடவை. அராவின எனாமல் திரும்பாது. எனவே ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: எவ்வளவு அராவப் போகிறீர்கள், பிளீச்சிங் முயன்று பார்த்தாயிற்றா, உடைந்தால் மாற்றுச் செலவு யாருடையது, ஒட்டுவதற்கு முன் மெழுகிலோ தற்காலிகப் பூச்சிலோ நிறத்தையும் வடிவத்தையும் என் வாயில் வைத்துக் காட்டுவீர்களா. நான்காவது கேள்விக்கு "சரி" என்று சொல்லாத இடத்தில் பல்லை அராவக் கொடுக்காதீர்கள்.